கட்டிலுக்குக் கீழ விதைக்கோட்டை

...அதைத்தான் சொல்லுதேன் ஆசாரி அண்ணாச்சி, நீங்க செஞ்ச கட்டிலு நொண்டுது. வேற யாரு செஞ்சதுன்னாலும் போகட்டும்னு விட்டிருவேன். எங்க அய்யா உங்களைத் தேடி வந்து, எம் மகளுக்குக் கலியாணம், பேரன் பேத்தி எடுத்த பொறவும் அசையாத கட்டிலா வேணும்னு சொல்லிச் செஞ்சது. சீமையில புது ராசாவுக்குப் பட்டம் கட்டுதாகன்னு பள்ளிக்கூடத்துல பிள்ளையளுக்கு மிட்டாய் குடுத்தாகல்லா, அந்த வருசம். பேத்தி இப்பதான் தவழப் பழகுதா. அதுக்குள்ள இந்தா, செவத்துப் பக்கத்துக் காலு குட்டையாப் போச்சு.

உக்காந்து பாருங்க. பாத்தீயளா, எப்படிச் சறுக்கிக்கிட்டுப் போகுதுன்னு? படுத்தா பிள்ளை உருண்டு எம் மேல வாறா, நான் உருண்டு எங்க வீட்டுக்காரவுக மேல போறேன், அவுக உருண்டு செவத்துல முட்டுதாக. விடிஞ்சு பாத்தா மூணு பேரும் ஒரே மூலையில கெடக்கோம், மழைக்கு ஒதுங்கின ஆடு மாதிரி.

நீங்க பதில் சொல்ல வேண்டாம். வாய் நெறைய வெத்தலை இருக்கு, தெரியுது. துப்பணும்னு வெளிய போனீயன்னா திரும்பி வர மாட்டீய, உங்களை எனக்குத் தெரியும். கேட்டுக்கிட்டே வேலையைப் பாருங்க.

நான் முதல்ல உங்ககிட்ட கேட்டது என்ன? நாலு பனங்கட்டை. கட்டில் காலுக்கு ஒண்ணொண்ணா அண்டை குடுத்துத் தூக்கிட்டா, அடியில சாமான் வச்சுக்கிடலாம். இந்த வீட்டைப் பாருங்க. கட்டிலு நின்னா மனுசரு நிக்க இடமில்லை. தகரப்பெட்டி ஒரு பக்கம், புளிப்பானை ஒரு பக்கம், கருப்பட்டி வச்ச ஓலைக்கொட்டான் காலடியில. போன மழைக்கு நான் கால் தடுக்கி விழுந்தது அந்தப் புளிப்பானை மேலதான். பானைக்கு ஒண்ணும் ஆகல.

பாளையங்கோட்டையில வெள்ளைக்கார மிஸியம்மா பங்களாவுல பாத்துட்டு வந்தேன் அண்ணாச்சி. பிள்ளைக்கு அவுகதான் லில்லின்னு பேரு வச்சாக, அதுக்கு நாலு முட்டை குடுக்கப் போயிருந்தேன். அவுக கட்டிலு இடுப்பு உசரம் இருக்கு. அடியில பெட்டி பெட்டியா அடுக்கி, மேல ஒரு துணியைத் தொங்க விட்டிருக்காக. அம்புட்டும் அதுக்குள்ள. வீடு தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. வந்ததும் வராததுமா உங்ககிட்ட ஆளு விட்டுச் சொன்னேன். நீங்க நாளைக்குன்னீய. பொறவு கேட்டா தேர் வேலைன்னீய. அதுக்குப் பொறவு பண்ணையார் வீட்டுக் கதவுன்னீய. உங்க நாளைக்கு என்னைக்குத்தான் விடியும்?

அதான் நானே செஞ்சேன். எங்க வீட்டுக்காரவுக மாட்டுத் தொழுவத்துக்குச் செவரு வைக்கணும்னு செங்கல்லு அறுத்துக் காயப் போட்டிருந்தாக. சூளையில இன்னும் வைக்கல. ஆனாலும் வெயில்ல காஞ்சு, தட்டினா டங்குங்குது. காலுக்கு மூணு கல்லா அடுக்கினேன். பக்கத்து வீட்டு இசக்கித்தாயும் நானும் பிடிச்சுத் தூக்கினோம். கட்டிலு நின்ன நிலையைப் பாக்கணுமே, ஆனை நின்ன மாதிரி. கீழ நான் முட்டி போட்டு ஒரு நடை நடந்து பாத்தேன்னா பாத்துக்கிடுங்க.

எங்க அத்தை சாரம்மாள் வந்து பாத்தாக. பாத்துட்டு, "மருமகளே, ஏறி இறங்க ஏணி எங்க?"ன்னாக. "ஏணி என்னத்துக்கு அத்தை, உரலைக் கவுத்துப் போட்டிருக்கேன்"னேன். அவுகளுக்குச் சிரிப்பு வந்துட்டு. வந்தாலும் சிரிக்க மாட்டாக. அடுத்த தெருவுல இருந்துக்கிட்டு எங்க வீட்டு உப்பு உறைப்புக்கெல்லாம் அவுகதான் தீர்ப்புச் சொல்லணும்.

சிரிக்காம இருக்கதுக்குக் காரணம் இருக்கு. போன வருசம் விதைநெல் அவுக வீட்டுலதான இருந்தது. நெல்லைக் கட்டி வச்ச வைக்கோல் கோட்டையை எலி கொடைஞ்சு பாதியைத் தின்னுட்டு. அவுகளுக்கு அது பெரிய தலைகுனிவு. அந்தச் சமயம் பாத்து நான் வாயைத் திறந்தேன். "எங்க வீட்டுக் கட்டிலுக்குக் கீழ இப்ப எடம் கெடக்கு. வைக்கோல் புரி சுத்தின விதைக்கோட்டையை அங்கன வச்சா மேல நாங்க படுத்திருப்போம், எந்த எலி வரும்?"னு கேட்டேன். எங்க வீட்டுக்காரவுகளும், "சரி, இந்தப் பிசான வெள்ளாமைக்கு விதை உம் பொறுப்பு. ஆனைக்கொம்பன் நெல்லு, போச்சுன்னா இந்தப் பக்கம் வேற யாருகிட்டயும் கெடையாது, பாத்துக்கோ"ன்னு சொல்லித் தூக்கிக் கொண்டாந்து வச்சாக. அத்தை மட்டும், "பாப்போம்"னாக. அந்த ஒரு 'பாப்போம்' இருக்கே அண்ணாச்சி, அது இன்னும் இந்த வீட்டுக்குள்ள சுத்திக்கிட்டுக் கெடக்கு.

நானும் பிள்ளையைப் பாக்க மாதிரிப் பாத்தேன். ஒரே பக்கமாக் கெடந்தா அடி அமுங்கிரும்னு தினமும் கம்பை விட்டு நெம்பிப் புரட்டிப் போட்டேன், தோசையைத் திருப்பிப் போடுத மாதிரி. கால்வாய்ல தண்ணி வந்தாச்சு. இவுக இன்னைக்கு நாத்தங்கால்ல தொளிச் சேறு கலக்கத்தான் போயிருக்காக. சனிக்கிழமை கோட்டையைத் தண்ணியில முக்கணும், ஊறினதும் எடுத்து, முளை வர மேல பாரம் ஏத்தணும், முளை மூக்கு விட்டதும் விதைச்சிரணும். அதுவரைக்கும் நான் காவலு. அதுக்குப் பொறவு அத்தை வந்து 'பாத்தாச்சு'ன்னு சொல்லட்டும்.

இப்ப இந்தக் காலு குட்டையானதுக்கு வாறேன். எங்கயும் போயிராதீய.

கருப்பட்டிக் கொட்டானையும் அடியில தள்ளினேன்ல, எறும்பு வந்துட்டு. கட்டில் காலைப் பிடிச்சு ஏறி, பிள்ளை கடைவாய்ப் பாலைத் தேடிப் போகுது. பிள்ளை ஒரு நா வீல்னு கத்தினா பாருங்க, தெருவே கூடிட்டு. அத்தை கேட்டாக, "இதுக்குத்தான் ஆனை உசரத்துக்குத் தூக்கினியா?"ன்னு. நான் அசரல. நாலு மண்சட்டி வாங்கி, கல்லுக்கு மேல சட்டி, சட்டிக்குள்ள கட்டில்காலு, சுத்தித் தண்ணி. எறும்பு நீந்தியா வரும்? மூணு காலு சொன்ன பேச்சு கேட்டு நிக்கு. இந்தச் செவத்துப் பக்கத்துச் சட்டி மட்டும் தண்ணிய வச்சிருக்க மாட்டேங்குது. காலம்பற ஊத்தினா மத்தியானம் வத்திப் போகுது. எறும்புதான் குடிக்கோ என்னமோ. நானும் விடல. செம்பு செம்பா ஊத்துதேன். இந்தச் சட்டிக்கு ஊத்தின தண்ணியில ஒரு எருமை குளிச்சிருக்கும்.

கட்டிலு நொண்டுததுக்குத் தண்ணி மேல குத்தம் சொல்ல முடியுமா? குத்தம் உங்க மரத்து மேல. பச்சை மரத்துல கால் கடைஞ்சிருக்கீய அண்ணாச்சி. அது காயக் காயச் சுருங்குது. எங்க அய்யாகிட்ட நான் சொல்லல, சொன்னா மனசு வருத்தப்படுவாக. நீங்களா ஒரு ஆப்பு வச்சுக் குடுத்துட்டா, நானும் மறந்திருவேன்.

என்ன, குனிஞ்சு அடியில போறீய? அளந்து பாக்கீயளா? பாருங்க, நல்லாப் பாருங்க. ரெண்டு காலும் ஒரே அளவுன்னு கையைக் காட்டுதீய... அதெப்படி? சட்டியைத் தொடாதீய, தண்ணி இருக்கு. இல்லையா? கீறிப் போச்சா? ஆமா, கீறல் ஓடுது. எம்புட்டு நாளாக் கீறிக் கெடக்கோ.

அது என்ன உங்க கையில? சேறு எங்கேருந்து வந்தது? அது... கல்லுல்லா அண்ணாச்சி. அங்கன மூணு கல்லு இருக்கணும். டங்குங்குத கல்லு.

சரி. ஒரு கல்லுதான் இருக்கு. அதுவும் கல்லுன்னு சொல்ல முடியாது.

நான் ஊத்தின தண்ணியா? அம்புட்டும் இதுலயா எறங்கியிருக்கு? சுடாத கல்லுன்னு எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். சட்டி கசியும்னுதான் தெரியாது. அப்ப மரம் சுருங்கல... சரி சரி, அப்படிப் பாக்காதீய. பச்சை மரம்னு சொன்னதை நான் சொல்லலன்னு வச்சுக்கிடுங்க.

நில்லுங்க. கல்லுல எறங்கின தண்ணி பொறவு எங்க போச்சு? தரை இந்தப் பக்கமால்லா சரியுது. இந்தப் பக்கம்... அய்யோ, கோட்டை. அண்ணாச்சி, அந்த விதைக்கோட்டையை இழுங்க. பைய. வெளிச்சத்துக்குக் கொண்டாங்க.

புரி நனைஞ்சிருக்கு. தொட்டுப் பாத்தா வெதுவெதுங்குது, பிள்ளை நெத்தி மாதிரி. புரிக்கு இடையில வெள்ளையா என்னமோ நீட்டிக்கிட்டிருக்கு, பாத்தீயளா? சுத்தியும் இருக்கு. நான் புரட்டிப் புரட்டிப் போட்டேன்ல, எல்லாப் பக்கமும் நானே நனைச்சிருக்கேன்.

எலி பாதியாவது மிச்சம் வச்சது. நான் முழுசையும் கெடுத்துட்டேன். இனி ஆனைக்கொம்பனுக்கு எங்க போறது? இவுக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாக. அதுதான் எனக்குப் பயம். விதைக்கு ஊர் ஊரா அலைஞ்சு திண்டாடுவாக. சொல்லுதது அத்தை சொல்லுவாக, லில்லிக்குக் கலியாணம் ஆகிப் பேறுகாலம் பாக்குத வரைக்கும் சொல்லுவாக.

புரியை ஒரு பக்கமாப் பிரிங்க. ஒரு பிடி எடுத்துப் பாப்போம்.

...அண்ணாச்சி, இது அழுகல் வாடை இல்லை. நல்ல முளை வாடைல்லா அடிக்கு. ஒரு நெல்லு பாக்கியில்லாம மூக்கு விட்டிருக்கு, அரிசிக் குறுணை நீளத்துக்கு. இதுக்கு மேல வளந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு ஒடியும். எங்க அய்யா முளை கட்டினாக்கூட இப்படி ஒரு சீராக் கட்டினதில்லை. இன்னைக்குத்தான விதைக்கணும் இதை? இன்னைக்கே விதைக்கணும். நாத்தங்கால் இப்பக் கலக்கிக் கெடக்கு, தண்ணி நிக்கு. சனிக்கிழமை என்னத்துக்கு?

நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இவுககிட்ட, "கால்வாய்ல தண்ணி வந்துட்டுன்னு நானே முன்கூட்டி முளை கட்டிட்டேன்"னு சொல்லிருவேன். பொய்யில்லை பாருங்க, நான்தான தண்ணி ஊத்தினேன். நான்தான புரட்டினேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல உக்காந்தா மனசு கொஞ்சம் உறுத்தும், அதை நான் பாத்துக்கிடுதேன். நீங்க எதையும் பாக்கல. கட்டிலு நொண்டுச்சு, வந்து பாத்தீய, அம்புட்டுதான். பனங்கட்டையை மட்டும் நாளைக்கே கொண்டாந்திருங்க. என்ன, நான் சொல்லுதது...

அண்ணாச்சி?

வெத்தலை துப்பப் போயாச்சா. சொன்னேன்ல. ஏ ஆசாரி அண்ணாச்சி... அங்கன வாசல்ல யாரு கூட நிக்கீய? கால்ல தொளியோட அங்க நிக்கது... இவுகளா? இதுக்குள்ள வந்தாச்சா? அண்ணாச்சி, அவுககிட்ட என்னத்தைக் காட்டுதீய, அந்தச் சேத்துக் கையை வச்சுக்கிட்டு?

ரெண்டு பேரும் சிரிச்சது போதும். எல்லாத்தையும் கேட்டுட்டீயல்லா, அப்ப உள்ள வாங்க. நெல்லு நல்லா இருக்கு, நீங்களே ஒரு பிடி அள்ளிப் பாருங்க. பாத்தாச்சா? அப்ப நிக்காதீய. ஆளுக்கொரு பக்கமாப் பிடிங்க. பைய, பைய, முளை ஒடிஞ்சிரப் போகுது. வாய்க்கால் வரப்பு வழியாவே போங்க, தெரு வழி வேண்டாம்.

அத்தை இந்நேரம் வாசல் தெளிச்சுக்கிட்டு நிப்பாக.