சத்தம் வராத கார்டு

ராத்திரி பதினொன்றரை. அபுதாபியிலிருந்து ருவைஸ் போகிற ரோடு... இரண்டு பக்கமும் மணல். நடுவில் ஒரே ஒரு பஸ்.

அதில் பாலகுரு இருந்தான். இந்த வீட்டுப் பையன் நம்ம விமலுக்கு அத்தை மகன். பெரம்பலூரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் நாள் தெரியாமல் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். அது பெண்களுக்கு. மொத்த பஸ்ஸும் முறைத்தது. கூனிக் குறுகிப் போனான்.

லேபர் கேம்ப்பில் கூடத் தங்கியிருந்த நிஜாம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எல்லாரும் என்ன பண்றாங்களோ அதையே பண்ணு மாப்ள. ஏறும்போதும் பஸ் கார்டை மெஷின்ல தட்டு, இறங்கும்போதும் தட்டு. அப்புறம்... உன் குறட்டையை மட்டும் பஸ்ல ஆரம்பிச்சிடாத, டிரைவர் பாதியிலயே எறக்கி விட்டுடுவான்!"

இந்த ராத்திரி பஸ்ஸின் பின் சீட்டுகளில் ஏழெட்டுப் பேர். எல்லாரும் நீல யூனிஃபார்ம். ஒருத்தர்கூட போன் பார்க்கவில்லை. கை முழங்கால்மேல், பார்வை நேரே. பாலகுருவும் போனை உள்ளே வைத்தான். கையை முழங்கால்மேல் வைத்தான். ஏசிக் குளிரில் லேசாக... கருகிய துணி வாடை.

டிரைவர் பின் சீட்டுகளைப் பார்க்கிற கண்ணாடியை ஒரு துண்டு மூடியிருந்தது.

பஸ் நின்றது. ஸ்டாப் இல்லை, விளக்கு இல்லை. நடுக்கதவு புஸ்ஸென்று திறந்தது. அத்தனை பேரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். அவனும் நின்றான். உட்கார்ந்தே இருந்தால் புது ஆள் என்று தெரிந்துவிடுமே!

ஒவ்வொருவராக மெஷினில் கார்டைத் தட்டி இறங்கினார்கள். சத்தமே வரவில்லை. கடைசியாக அவன் தட்டினான்.

டிங்.

எல்லாரும் திரும்பினார்கள். அவனுக்கு முன்னால் இறங்கியவர், பாலகுருவின் உதட்டில் விரலை வைத்தார். ஐஸ் மாதிரி விரல்.

"சத்தம் போடாத தம்பி."

தமிழில்...

அவன் ஒரு காலை வெளியே வைத்துவிட்டான். அந்த டிங் கேட்டு ஓடி வந்த டிரைவர்தான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"பாய்! இதர் ஸ்டாப் மாஃபி! பைட்டோ, பைட்டோ!" இங்கே ஸ்டாப்பே இல்லை, உட்காரு என்று கத்தினார்.

கதவு மூடியது. வெளியே வெறும் மணல்.

அதிலிருந்து அவன் கார்டைத் தட்டினால் பச்சை எரிகிறது, சத்தம் வருவதில்லை. புதுக் கார்டு வாங்கியும் பார்த்துவிட்டான்.

இன்றைக்குச் சாயங்காலம் இந்த வீட்டுக்கு வந்தான். காலிங் பெல் அழுத்தினானாம், கதவைத் தட்டினானாம். யாருக்கும் கேட்கவில்லை. குப்பை வைக்க விமலின் அம்மா கதவைத் திறந்தால்... நிற்கிறான். இதையெல்லாம் அவன் சொன்னபோது, வாயருகே காதை வைத்தால்தான் விமலுக்குக் கேட்டது.

இப்போது பக்கத்து ரூமில்தான் தூங்குகிறான். அந்தக் குறட்டைக்காரன்.

கொஞ்சம் பேசாமல் இருங்கள். சுவரில் காதை வையுங்கள்...

ஏசி மட்டும்தான், இல்லையா?