பழைய கம்பைலரின் வார்னிங்

பாறசாலையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி சொன்னாள்:

"அந்தப் பழைய கம்பைலர் பொய் சொல்லேல்ல மக்கா. பொய் சொன்னது நானாக்கும்."

"என்ன பொய்?"

"மருந்து ஏத்துற மெஷினுக்கு நாங்க எழுதின சி புரோகிராம கம்ப்யூட்டர் பாஷைக்கு மாத்தும்போ, தப்பு உண்டுன்னு அது வார்னிங் குடுத்துது. கண்டதுக்கெல்லாம் குடுக்கிற சாதனம்தானேன்னு நான் வாசிக்காமலே எல்லாம் பாத்தாச்சுன்னு சொன்னேன். ஆஸ்பத்திரியில அந்த மெஷின் பாதியில நின்னுபோச்சு."

"ஐயோ, நோயாளிக்கு?"

"நர்ஸ் கண்டுட்டா, பொழைச்சாரு. ஆனா பழி என்கூட அத எழுதின ஷிபினுக்க தலையில விழுந்துது. அவன வேலையில இருந்து எடுத்தப்பமும் நான் வாய தொறக்கேல்ல. இன்னைக்குத்தான் ஆபீசுல உண்மைய சொன்னேன். இப்ப அவனுக்க வீட்டுக்குப் போறேன்."

"நானும் வரட்டா?"

"வேண்டாம். அவனுக்க அம்மைக்க மொகத்த நான் ஒத்தைக்குப் பாக்கணும்."

பனச்சமூட்டில் அவள் மட்டும் இறங்கினாள். பஸ் கிளம்பிய பிறகும் இறங்கிய இடத்திலேயே நின்றிருந்தாள்.