அமைதியாக நடந்த கலியாணம்

ஆங்கிலப் பெயரடைகள் என்றால் எனக்குத் தனி விருப்பம். உரும்பிராயில் நான் நடத்தும் ரியூசன் வகுப்பில், ஒளித்துச் செய்வதெல்லாம் ஒன்றல்ல என்று அடிக்கடி சொல்லுவேன். மற்றவர் மனம் நோகாமல் அடக்கமாகச் செய்தால் 'டிஸ்கிறீற்'. களவாக, சட்டத்துக்கு ஒளித்துச் செய்தால் 'கிளான்டெஸ்ரைன்'. பிள்ளைகள் இரண்டாவதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

என் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் றஜிதா அதே வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி, ஆங்கிலம் என்றால் நடுக்கம். பின்னேரங்களில் என் ஸ்கூட்டரில் தொண்டைமானாறு வரை போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு, வழிநெடுகச் சிரித்துக்கொண்டு வருவோம். அவள் வந்தபிறகுதான் என் வீட்டில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றுகிறேன்.

அவள் கணவன் எமில்ராஜ், கொழும்புத்துறைக்காரன், கனடாவில் இருக்கிறான். அவன் வேதம், கிறிஸ்தவன்; இவள் சைவம். இரு வீட்டாரும் முறுக்கிக்கொண்டு நின்றதால் தேவாலயத்தில் சில நண்பர்களோடு கலியாணத்தை முடித்துக்கொண்டார்கள்.

விசா நேர்முகம் தொலைபேசியில் நடந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டாள். கலியாணத்துக்கு ஏன் ஆட்கள் வரவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"சண்டை வேண்டாமெண்டு அமைதியாச் செய்தனாங்கள் அக்கா. ஒருத்தருக்கும் ஒளிக்கேல்லை. அம்மாட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனனான்."

நான் அம்மாவிடம் சொன்ன கதையை விட்டுவிட்டு, 'கிளான்டெஸ்ரைன்' என்றேன். றஜிதா அந்தச் சொல்லைத்தான் சொல்கிறாரா என்று அதிகாரி திரும்பக் கேட்டார். ஆம் என்றேன்.

"என்ன கேக்கிறார் அக்கா?"

"லைன் கிளியரில்லையாம்."

விசா கிடைக்கவில்லை. உண்மையான கலியாணமாகத் தெரியவில்லையாம். அன்று நான் புட்டு அவித்து, றால் பொரித்து, பக்கத்திலிருந்து சாப்பிட வைத்தேன். இரண்டாம் நேர்முகத்தில், எனக்கு இடைஞ்சலில்லாமல் மொட்டைமாடியில் நின்று கணவனோடு கதைப்பதாகச் சொன்னாள். திருட்டுத்தனமாக என்று பொருள்படும் சொல்லொன்றைப் போட்டேன். அதுவும் போயிற்று. எமில்ராஜ் இப்போது முந்திப்போல் அழைப்பதில்லை. தாய்வீடு ஏற்கெனவே கதவைச் சாத்திவிட்டது.

சொல்லை மாற்றியது நான்தான்; உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குளிரில், இரண்டு வேலை செய்துகொண்டு அவள் என்ன சுகத்தைக் காணப்போகிறாள்? இங்கே ஒரு குறையுமில்லை.

மூன்றாவது நேர்முகம் அடுத்த கிழமை. நேற்றுத் தேநீர் குடிக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இந்த முறை வேறை ஆரையும் கேக்கட்டோ அக்கா? உங்களுக்கும் கரைச்சல்தானே."

"எனக்கென்னடி கரைச்சல்? உனக்கு என்னை விட்டால் ஆர் இருக்கினம்?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஓம் அக்கா. ஒருத்தரும் இல்லைத்தான்."

எனக்கு மனம் நிறைந்துவிட்டது.