முதலாளி மிதித்த பிரேக்

இந்த ஷெட்டையே இன்று மண்டபமாக்கித் தந்து, மேடையில் நடுநாயகமாக அமர்ந்திருக்கும் முதலாளி அவர்களே! முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே! ஓட்டுநர் தோழர்களே, மெக்கானிக் நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் டயர்கள் மேல் உட்கார்ந்திருக்கும் பெருமக்களே! உங்கள் அத்தனை பேருக்கும் வணக்கம்.

யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? ஏற்றங்களின் எமனை! ரேடியேட்டர்களின் வைத்தியரை! நம் அண்டா அண்ணனை இழந்துவிட்டு நிற்கிறோம்!

அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அண்ணியின் சொந்தக்காரர்கள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அண்ணன் ஓட்டிய லாரி நம் ஷெட்டிலேயே மூத்த லாரி. சின்ன மேடு வந்தால் போதும், விருந்துக்கு உலை வைத்த அண்டா மாதிரி தளதளவென்று கொதிக்கும். பானட்டிலிருந்து ஆவி கிளம்பும். முன்னால் போகிற வண்டிகளெல்லாம் ரயில் வருகிறதென்று ஒதுங்கும். அண்ணன் மட்டும் பதறமாட்டார். ஓரங்கட்டி, இறங்கி, பீடி பற்றவைத்து, "அவளுக்குக் கோபம் தணியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்பார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போன ஒருவரைத் தள்ளிவிட்டு, தன் முழங்கையை வேகவைத்துக்கொண்ட மனிதர் அவர். அந்த ஒருவர் யார்? மேடையில் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். சங்கத்தின் பொருளாளர், அவ்வளவுதான் சொல்வேன்.

கொதிப்பதைக்கூட அண்ணன் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அந்த லாரியின் ஹேண்ட் பிரேக்! அதை இழுத்தால் சத்தம் வரும். சத்தம் மட்டும்தான் வரும்!

ஒரு மத்தியானம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தார். இதோ, இந்த வாசலோரம் நிறுத்தியிருந்த லாரி, டிரைவர் இல்லாமலே கிளம்பிவிட்டது. அவசரமே இல்லை அதற்கு. உலாவப் போகிறவர் மாதிரி மெதுவாக உருண்டது. நாங்கள் கத்திக்கொண்டு ஓடுவதற்குள், நம் காவல்காரப் பெரியவர் உட்காரும் இரும்பு நாற்காலியைச் சுவரோடு வைத்து அப்பளமாக்கிவிட்டு நின்றது. பெரியவர் எங்கே? தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். குவளையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து பார்த்து, "என் நாற்காலி எங்கப்பா?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. சாப்பாட்டைத் தொடவும் இல்லை. நசுங்கிய நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து எங்கே என்ன நின்றாலும் அதன் சக்கரத்துக்குக் கல் வைப்பார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் ஸ்கூட்டருக்கும் வைப்பார், சொல்லாமலே! அண்ணியின் தம்பி கிளம்பும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கி, செடித்தொட்டிக்குள் விழுந்தது வரலாறு.

முதலாளியிடமும் போய் நின்றார். முதலாளி என்ன சொன்னார்? முதலாளி, கோபித்துக்கொள்ளக்கூடாது. "கியர்ல போட்டு நிறுத்துப்பா. பிரேக்குனு சொல்லி என் உயிரை வாங்காதே" என்றார். அண்ணன் மறுநாளும் போனார். அதே பதில். போய்க்கொண்டே இருந்தார். இவர் தலை தெரிந்தாலே முதலாளி காதில் போனை வைத்துக்கொள்வார், போன் அடிக்காமலே!

அப்போதுதான் முதலாளியின் கார் பழுதானது. மலைமேல் கட்டிய புதுவீட்டுக்கு மரச்சாமான் ஏற்றிப்போன நம் லாரியிலேயே முன்னால் ஏறிக்கொண்டார். ஓட்டியவர் அண்ணன். கதவோரம், அப்போது கிளீனராக இருந்த நான். பாதி மலையில் அண்டா கொதித்தது. வண்டி நின்றது. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் இறங்கிப்போய், பின்சக்கரங்களுக்கு இரண்டு பெரிய பாறாங்கற்களை அண்டக்கொடுத்துவிட்டு வந்தேன். முதலாளி கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

"முதலாளி, இப்படி வாங்க. என் கால்மேல உங்க காலை வைங்க. நல்லா அழுத்துங்க. நான் என் காலை உருவிக்கறேன்."

"எதுக்குய்யா?"

"தண்ணி கொண்டுவரணும். இந்தச் சரிவுல கியர் தாங்காது. ஹேண்ட் பிரேக்தான் உங்களுக்கே தெரியுமே."

கேனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் இறங்கிப் போய்விட்டார். எப்படிப் போனார்? மாப்பிள்ளை நடை!

முதலாளி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதித்தார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் அதலபாதாளம்.

"வந்துட்டானா பாரு!"

"வருவாரு முதலாளி."

"கால் மரத்துப்போச்சுடா! மெக்கானிக்கைக் கூப்பிடுடா!"

"கூப்பிட்டோமே முதலாளி, போன மாசம். நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. கடவுள்களோடு மட்டும் பேசினார்.

அண்ணன் வந்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, "இறங்குங்க முதலாளி" என்றார். மரத்த காலை உதறிக்கொண்டே இறங்கிய முதலாளி கற்களைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். மறுபடி கற்களைப் பார்த்தார்.

"அப்ப நான் எதுக்குய்யா மிதிச்சேன்?"

"வண்டிக்காக இல்ல முதலாளி. வண்டி கைய மீறிப் போயிடுமோன்னு பயந்துக்கிட்டே மிதிக்கிறது எப்படியிருக்கும்னு உங்களுக்கும் தெரியணும்ல? எங்களுக்குத் தினமும் அப்படித்தான்."

மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது முதலாளி சொன்னார்: "நாளைக்கு வேலைக்கு வராதே."

அண்ணன் சாவியை நீட்டினார். முகம் செத்துப்போயிருந்தது. கல்யாண வயதில் மகள் இருந்த நேரம் அது. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு நாலடி நடந்தார். திரும்பினார்.

"நாளன்னிக்கு வா. நாளைக்கு எல்லா வண்டியும் ஒர்க்‌ஷாப்புல நிக்கும்."

தோழர்களே! அப்படிச் சொன்ன முதலாளிக்கும் ஒரு மனசு வேண்டும், இல்லையா? அதைச் சொல்லவைத்த அண்ணனுக்கு எவ்வளவு பெரிய நெஞ்சு வேண்டும்! மலைக்கும் பள்ளத்துக்கும் தப்பிய அந்த மனிதர், தன் கட்டிலில், தூக்கத்தில், அமைதியாக நின்றுபோனார். அண்ணி எழுப்பப் போனபோது முகத்தில் சுருக்கம்கூட இல்லையாம்.

அவருக்குப் பூமாலை போட்டுவிட்டோம். படம் திறந்துவிட்டோம். போதுமா? போதாது! இனி இந்த ஷெட்டில், சரிவில் தானாக நிற்காத எந்த வண்டியின் சாவியையும் எங்களில் ஒருவரும் தொடமாட்டோம். இது சங்கத்தின் உறுதிமொழி.

முதலாளி, போன வாரம் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு நீல லாரி வாங்கினீர்களே! அதன் ஹேண்ட் பிரேக்கை இன்று காலை இழுத்துப் பார்த்தேன். சத்தம் நன்றாக வருகிறது. நாளைக்கு அதில் சரக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறீர்கள். ஏற்றலாமா, ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பலாமா?

ஒர்க்‌ஷாப்புக்கா? முதலாளி தலையாட்டுகிறார்! அண்ணி, நீங்களும் பார்த்தீர்கள் அல்லவா? எனக்கு அது போதும். அமர்கிறேன்.