வெளியே கழற்றிய ஷூ

‘இந்தச் சக்கரம் கத்துகிற கத்தலில் தெருவே எழுந்துவிடப் போகிறது. யாராவது ஜன்னலைத் திறந்து திட்டினால் எந்த பாஷையில் மன்னிப்புக் கேட்பேன்?’

அந்த ஊருக்கு வந்து இறங்கிய இரவு, பதினொன்று நாற்பது. கல் பாவிய குறுகலான தெரு. ஆள் நடமாட்டமே இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் மட்டும்... கடகட... கடகட...

அவள் என் தோழியின் நாத்தனார். நம்பாவிட்டால் நாளைக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். ஆனால் பகலில் கேளுங்கள். இருட்டிய பிறகு இதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். போர்வையை இந்தப் பக்கம் கொஞ்சம் இழுங்கள். காலை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும்.

பழைய கட்டடங்களைச் செப்பனிடும் படிப்புக்காக வெளிநாடு போயிருந்தாள். ஊர் முழுக்க எழுநூறு வருஷத்துக் கல். முதல் இரண்டு நாளிலேயே அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டதாம். கால் மணிக்கொரு தரம் எங்கோ மணி அடிக்கும். ஈரச் சுவரின் வாடை உடுப்பில் ஏறிவிடும். பார்க்க வருகிறவர்கள் அவள் வாசற்கதவைப் படமெடுப்பார்கள். அவள் வெளியே வந்தால், ‘சற்றுத் தள்ளி நில்’ என்று கையைக் காட்டுவார்கள். இந்த ஊரில் கல்லுக்கு இருக்கிற மரியாதை மனுஷிக்கு இல்லை என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

அறை நாலாவது மாடியில், கூரைக்கு அடியில். வீட்டுக்காரம்மா முதல் மாடியில். இடையில் இரண்டு மாடிகளும் பூட்டிக் கிடந்தன. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சிரித்தால் பற்கள் மட்டும் சிரிக்கும். அவர்கள் பேசியது வேறு பாஷை. எனக்கு வருகிற பாஷையில் சொல்கிறேன்.

“பத்து மணிக்கு மேல வந்து உன் கதவை வெளிப்பக்கமா தாழ் போடுவேன். காலைல ஆறுக்குத் திறப்பேன். இந்த வீட்டு வழக்கம்.”

“அவசரம்னா? குளியலறை கீழ் மாடில இருக்கே...”

“வாளி இருக்கு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாளாம்.

வேறு இடம் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தாள். ஊரில் ஓர் அறை இல்லை. ‘இவள் என் வீட்டில் தங்கியிருக்கிறாள்’ என்று வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட்ட கடிதத்தை மாதக் கடைசிக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேட்டபோதெல்லாம், “நீ எப்படி நடந்துக்கறேன்னு பார்த்துட்டுப் போடறேன்” என்பாள் வீட்டுக்காரம்மா.

அம்மாவிடம் போனில் சொன்னால், “வயசுப் பொண்ணை ராத்திரி பூட்டி வைக்கிறாங்கன்னா பொறுப்பானவங்கதான். நானே அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்” என்றாளாம் மகராசி.

நம் பழக்கம் விடுமா? முதல் நாளே அவள் ஷூவை அறைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். தாழ் போட வந்த வீட்டுக்காரம்மா கதவுக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் நின்றாள். “ஷூவை உள்ள எடுத்து வைன்னு நாளைக்குச் சொல்றேன்,” என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். பிறகு... கறக். தாழ்.

இரண்டரை மணி இருக்கும்.

கதவுக்கு வெளியே யாரோ உட்காருகிற சத்தம். நாடாவை இழுக்கிற சத்தம். சர்ர்... சர்ர்... அவளுடைய ஷூவின் குதிகாலில் ஆணி அடித்திருந்தது. டக்... டக்... நடக்கப் பழகுகிறவள்போல ஒவ்வொரு படியாக இறங்கியது. பதினேழு படி. மூன்றாவது மாடி. அங்கேயே நின்றுவிட்டது. ஏறி வரவில்லை.

காலையில் பார்த்தால் ஷூ இருந்த இடத்தில்தான் இருந்தது. கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே கதகதப்பு. கரிப்புகை நாற்றம்.

மறுநாள் இரவும் பழக்கதோஷத்தில் ஷூ வெளியேதான். முப்பத்து நாலு படி.

அடுத்த நாள் காலை அவள் கல்லூரிக்குப் போகவில்லை. கதவின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள். படிப்பே அதுதானே. கீழ்ப்பாதியில், முழங்கால் உயரத்தில், சாயத்துக்கு அடியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். மக்குப் பசை அடைத்துப் பூசியிருந்தார்கள். மக்கு காய்ந்தால் உள்வாங்கும்; எத்தனை பூச்சு பூசினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். நாலு நாலு கோடாக... நகத்தால் கீறியது.

தெருமுனையில் துணி வெளுக்கிற கடை. அந்தக் கடைக்காரி அவளைப் பார்த்ததுமே, “நாலாவது மாடியா?” என்றாள். கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“எங்கம்மா கடைல இருந்த காலம். அந்த ரூம்ல ஒரு வேலைக்காரப் பொண்ணு இருந்தா. அவளும் உன்ன மாதிரி எங்கிருந்தோ வந்தவதான். ஓடிடக் கூடாதுன்னு ராத்திரி அவ ஷூவை வாங்கி வெச்சுக்குவாங்க. வெளிய பனி, வெறுங்காலோட எங்க ஓடுவா? போதாததுக்குத் தாழ் வேற. ஒரு நாள் ரூம்ல கரியடுப்பு புகைஞ்சுது... தட்டியிருக்கா. ரொம்ப நேரம் தட்டியிருக்கா.”

“யாருக்கும் கேக்கலையா?”

“கேட்டுது. ‘நடிக்கிறா, காலைல திறந்துக்கலாம்’னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டாங்க.”

“யாரு?”

“அப்ப அவங்களுக்கு இருபத்தெட்டு வயசு. இப்ப எழுபத்திரண்டு,” என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைக்காரி மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் வெகுநேரம் நின்றாளாம். பயம் இருந்ததா என்று கேட்டேன். “இருந்தது. ஆனா வாளி இருந்த மூலையைப் பார்த்தேன், பயம் போயிடுச்சு” என்றாள். இதுவரை யார்மீதும் வராத ஒன்று அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கோபம் என்றால் சூடாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். இது குளிர்ந்திருந்தது. ஷூவை வெளியே வைத்தாள். காலை நுழைக்கச் சிரமம் இருக்கக் கூடாதென்று நாடாவை நன்றாகத் தளர்த்தியும் விட்டாள்.

“ஐயோ, நீ சொல்ல வேண்டாம்டி, லைட்டைப் போடு.”

பார்த்தீர்களா, போர்வைக்குள்ளே நம் குள்ளி பயந்துவிட்டாள். சும்மா இரு, முடியப் போகிறது.

அன்றிரவு டக்... டக்... நிற்கவே இல்லை. ஐம்பத்தோரு படி. பிறகு நெடுநேரம் நிசப்தம். பிறகு கீழே... கறக்.

காலை ஆறுக்குக் கதவு திறக்கவில்லை. ஏழு. எட்டு. எட்டரைக்கு யாரோ தவழ்ந்து ஏறி வருகிற சத்தம். தாழ் விலகியது. வீட்டுக்காரம்மா. தலை அவிழ்ந்து, வெறுங்காலோடு. பத்து விரலிலும் நகம் பிய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. மேலெல்லாம் கரிப்புகை நாற்றம்.

“என் கதவுக்கு வெளிப்பக்கம் தாழே கிடையாது,” என்றாள். “ராத்திரி பூரா... வெளிய தாழ் போட்டிருந்துது. தட்டினேன். கத்தினேன். உனக்குக் கேக்கலையா?”

“கேட்டுது.”

வீட்டுக்காரம்மா மடித்த காகிதத்தை நீட்டினாள். அந்தக் கடிதம்தான். கையெழுத்துப் போட்டிருந்தது, ஓரத்தில் ரத்தக் கறை.

“இனிமே தாழ் போட மாட்டேன். நீ எத்தனை வருஷம் வேணாலும் இரு. ஒண்ணே ஒண்ணு... இன்னிக்கு ராத்திரி மட்டும் ஷூவை உள்ள எடுத்து வெச்சுக்கோம்மா. உன் கால்ல விழறேன்.”

‘இதை வாங்கினால் இருக்கலாம். வாங்காவிட்டால் இந்த மாதத்தோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.’ அவள் காகிதத்தைப் பார்த்தாள். அந்த விரல்களைப் பார்த்தாள். கதவின் கீழ்ப்பாதியைப் பார்த்தாள்.

காகிதத்தை வாங்காமலே, மெதுவாகச் சொன்னாளாம்:

“ஷூவை ரூமுக்குள்ள வெக்கிற பழக்கம் எங்க வீட்ல இல்லைம்மா.”