வேன் கூரையில் ஐந்து உயிர்

தண்ணீர் ஏறுகிறது. நான் மாடிப்படியில் இறங்கி ஓடுகிறேன். பின்னாலிருந்து என் கணவர் முருகன் கத்துகிறார்.

"கேட்டுல கை வைக்காத! கரண்டு கம்பி!"

நின்றேன். கீழே இரும்பு கேட்டின் மேல் மின்கம்பி அறுந்து விழுந்திருக்கிறது. அதில் கரண்ட் இருக்கிறதா இல்லையா, தொட்டால்தான் தெரியும். எங்கள் மாடிக்கு வேறு வழி கிடையாது. நெல்லித்தோப்புச் சந்து வீடுகள் அப்படித்தான். பக்கத்து வீட்டுச் சுவர் நம் சுவரில் சாய்ந்து நிற்கும். வெளியே போக ஒரே கேட். மாட்டிக்கொண்டோம்.

புயல் முந்தின இரவே கரையைக் கடந்துவிட்டது. விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். விடிந்தது. தெருவைக் காணோம். எங்கோ ஏரி உடைந்துவிட்டது என்று யாரோ மொட்டைமாடியிலிருந்து கத்தினார்கள். தகரத்தில் மழை. தடதடதட. பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழவில்லை.

ஜன்னலுக்கு ஓடுகிறேன். எதிர்ச் சுவரோரம் பழைய ஆம்னி வேன். டயர் இல்லாமல் பல வருடமாகக் கிடக்கிறது. அதன் கூரை மேல் ஐந்து உயிர். நடுங்கிக்கொண்டு நிற்கின்றன.

ராஜா. லாப்ரடார் நாய். வீடு காலி செய்து போனவர்கள் சோபாவை ஏற்றினார்கள், ஃபிரிட்ஜை ஏற்றினார்கள், இவனைத் தெருவில் விட்டுப் போனார்கள். ஒரு மாதம் அந்த வீட்டு வாசலிலேயே படுத்திருந்தான். கருப்பி. தெருவில் பிறந்தவள், ஒரு கால் நொண்டி. அவளுடைய மூன்று குட்டிகள். இந்த ஐந்துக்கும் சாயங்காலம் சோறு வைப்பது நான். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுவேன். டங், டங், டங். எங்கிருந்தாலும் ஓடி வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நாய்க்கெல்லாம் பேரா என்று எதிர்வீட்டு ரத்தினம் அண்ணன் சண்டைக்கு வருவார். அதனால் தட்டு.

ரத்தினம் அண்ணன் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு வீட்டோடு இருக்கிறார், தனியாக. நாய்களைக் கண்டால் ஆகாது. முனிசிபாலிட்டிக்கு மனு எழுதியவர். குட்டிகள் மேல் வாளித் தண்ணீரை ஊற்றியவர். என்னோடு அவர் நல்லபடியாகப் பேசியதே இல்லை.

வேன் ஜன்னல் வரை தண்ணீர். கூரைக்கு இன்னும் இடமிருக்கிறது. அசையாமல் நின்றால் போதும். நில்லு கருப்பி, நில்லு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிற்கிறேன். தெருவில் ஓடும் வெள்ளம் நேராகக் கோடியிலிருக்கும் வாய்க்காலுக்குப் போகிறது. அங்கே மதகு. கட்டில் ஒன்று போனது. கேஸ் சிலிண்டர் போனது. எதுவும் திரும்ப மேலே வரவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறக்கிறது.

ரத்தினம் அண்ணன் வாசல்படியில் வந்து நிற்கிறார். தண்ணீர் அவர் முழங்கால் வரை. கையில் தட்டு. இன்னொரு கையில் கரண்டி. புரிந்துவிட்டது. நாய்களை வீட்டுக்குள் கூப்பிடப் போகிறார். தினம் நான் செய்வதைப் பார்த்தவர்தானே.

"தட்டாதீங்கண்ணே! வேணாம்! தட்டாதீங்க!"

மழையில் கேட்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டினேன். அவரும் கையை ஆட்டினார். நான் பாத்துக்கறேம்மா என்பது போல. அவர் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பை இத்தனை வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்.

டங். டங். டங்.

அந்த மழையிலும் நாய்களுக்கு அது கேட்டுவிட்டது. ராஜாதான் முதலில் குதித்தான். பிறகு கருப்பி. தாய் குதித்ததும் குட்டிகள். ராஜா இரண்டு முறை தலையைத் தூக்கினான். சத்தம் வந்த பக்கமே பார்த்து நீந்தினான். கருப்பி நீந்தவில்லை. ஒரு குட்டியின் கழுத்தைக் கவ்வியபடியே போனாள்.

தட்டு தண்ணீரில் விழுந்தது. ரத்தினம் அண்ணன் இறங்கிவிட்டார். கழுத்தளவு. நீச்சல் தெரியாத மனுஷன். "போகாதீங்க! திரும்புங்க!" முருகன் தொண்டை கிழியக் கத்துகிறார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். வேறென்ன செய்ய? லைட் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் கையை நீட்டுகிறார். ஒரு குட்டி கையில் சிக்கியது. ஒன்றுதான்.

மதியம் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. அதுவரை அவர் கம்பத்தை விடவில்லை. கேட்டில் கிடந்த கம்பியில் கரண்ட் இல்லையாம். இரவே நிறுத்திவிட்டார்களாம். லைன்மேன் வந்து சொன்னார். கேட்டுக்கொண்டேன். வேன் கூரை நனைந்தது மழையில் மட்டும்தான். வெள்ளம் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் ரத்தினம் அண்ணன் எங்கள் படியேறி வந்தார். துண்டுக்குள் குட்டி.

"நான் சும்மா இருந்திருந்தா எல்லாம் பொழச்சிருக்கும் இல்லம்மா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குட்டியை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். இதுக்குப் பேரு என்னா?"

வைக்கவில்லை என்றேன்.

புயலில் செத்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். மாடுகளைக் கூடக் கணக்கெடுத்தார்கள், நஷ்டஈடு உண்டு. தெருநாய்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். எங்கள் சந்தில் போனது நான்கு. ராஜா. கருப்பி. அவள் வாயில் இருந்த குட்டி. இன்னொரு குட்டி. அந்த இரண்டுக்கும் பெயர் இல்லை.