எறும்பும் முழங்காலும்

என் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் ரயிலில் எதிரே ஒரு கணவனும் மனைவியும். மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் மகள் கல்யாணம். பந்தலுக்கு மழை தாங்கும் அத்தாப்பு ஓலைக் கூரை வேண்டுமா என்று பேச்சு.

"எறும்பு முட்டை தூக்கல, புள்ள. மழை வராது" என்றார் அவர்.

"என் முழங்கால் வலிக்குது. வரும்."

"எறும்பு எத்தனை தடவை சரியாச் சொல்லியிருக்கு!"

"அன்னைக்கெல்லாம் முழங்காலும் சரியாத்தானே சொல்லுச்சு? ரெண்டும் வேற வேற சொன்ன நாளை மட்டும் எண்ணுங்க."

அவர் விரல்விட்டு எண்ணினார்.

"முழங்காலுக்கு ஒண்ணு ரெண்டு கூட. அது குருட்டாம்போக்குல வந்திருக்கும்."

"இருக்கட்டும். அதைச் சோதிச்சுப் பாக்க நம்ம பொண்ணா நனையணும்?"

சற்றுக் கழித்து அவர் கேட்டார்: "ரொம்ப வலிக்குதா?"

"ம்."

அவளுடைய காலை எடுத்துத் தம் துணிமூட்டைமேல் வைத்தார். "இறங்கினதும் கூரைக்குச் சொல்லிடறேன்."

இதை எழுத வாய்த்தது இன்றுதான்: தைப்பூசத்துக்கு மறுநாள், 1932.